ஒட்டாத உறையில் போன பொங்கல் வாழ்த்து

மார்கழி முடிவதற்குள்ளேயே என் கைபேசியில் பொங்கல் வாழ்த்துகள் வந்து குவிய ஆரம்பித்துவிடுகின்றன. அதே பானை, அதே கரும்பு, அதே படம் பதினைந்து பேரிடமிருந்து வருகிறது. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் அனுப்புகிறேன். ஆனாலும் 1976 முதல் 2015 வரை அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். தை பிறக்கப் போகிறது என்றாலே மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய வாழ்த்து அட்டைகள் கண்முன் வந்துவிடும். கூடவே, வேலைக்குச் சேருமுன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாங்களே செய்த அட்டைகளும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை பிறந்தது 1843-ல், லண்டனில். ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி அதற்குக் காரணம். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் வந்தபோது, ரோலண்டு ஹில்லுக்குத் துணையாக நின்று உழைத்தவர் அவர். தபால் மலிவானதும் ஊரே கடிதம் எழுத ஆரம்பித்தது. கோலுக்கும் கட்டுக்கட்டாக வந்தது. அத்தனைக்கும் பதில் எழுத முடியாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு படம் வரையவைத்து, ஆயிரம் அட்டைகள் அச்சடித்தார். மிஞ்சியவை ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கு வந்தன. அன்றைக்கு அது பெரிய விலை. படத்தில் ஒரு குடும்பமே ஒயின் குடிக்கிறது, குழந்தை வாயிலும் கோப்பை! மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

ஆக, கடிதம் எழுத நேரம் இல்லாதவர் கண்டுபிடித்தது வாழ்த்து அட்டை. எங்கள் வீட்டில் அது வேறு வேலைக்குப் பயன்பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊருக்குக் கிறிஸ்துமஸ் அட்டைகள் வெள்ளைக்காரர்களோடு வந்தன. பொங்கலைச் சாதி, சமயம் கடந்த தமிழர் திருநாள் என்று தமிழ் அறிஞர்களும், பின்னால் திராவிட இயக்கத்தாரும் எடுத்துச் சொன்னபோது, அந்த அட்டைப் பழக்கம் பொங்கலோடு பொருத்தமாக ஒட்டிக்கொண்டது. அச்சடிக்கச் சிவகாசி இருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், பெட்டிக்கு லேபிள் கேட்டது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் காலண்டரும் வாழ்த்து அட்டையும் தானாக வந்தன.

எங்கள் ஊர் சாத்தூர். அப்போது இராமநாதபுரம் ஜில்லா. சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேனா நிப்புக்கும் பேர்போன ஊர். சிவகாசி பக்கத்தில்தான். பொங்கல் நெருங்கினால் கடைகளில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். எம்.ஜி.ஆர்., சிவாஜி, பானையோடு நிற்கும் பெண், ஜிகினா தூவிய லட்சுமி. ஆசையாக இருக்கும், வாங்கக் காசு இருக்காது. ஆனால் சிவகாசி அச்சகங்களில் வெட்டிக் கழித்த அட்டைத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். ஒரு சிறிய கட்டு வாங்கினால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்துவிடலாம்.

எப்படிச் செய்தோம் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அட்டையின் மேல் இலையை வைத்து, பழைய பல் பிரஷ்ஷை மையில் தோய்த்துச் சீப்பில் தேய்த்தால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். இலையை எடுத்தால் அதன் உருவம் வெள்ளையாக நிற்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு ஒற்றினால் பூ. உருளைக்கிழங்கைப் பாதியாக அறுத்துப் பானை மாதிரி செதுக்கிக்கொண்டால் அச்சு. எழுத்தைச் செதுக்குவதானால் திருப்பிச் செதுக்க வேண்டும். முதல் வருடம் அது தெரியாமல் செதுக்கி, கண்ணாடியில் பார்த்துப் படிக்கும்படி எட்டு அட்டை ஒற்றிவிட்டேன். அரச இலையைப் பானைத் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறப்போட்டு, அழுகிய சதையை மெல்லக் கழுவி எடுத்தால் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். நாற்றம் தாங்காமல் பாட்டி பானையைக் கொல்லைக்குத் துரத்துவாள். ஒட்டுவதற்கு மைதா பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம்.

படம் வரைவதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா கதர் கட்டும் காங்கிரஸ்காரர். காமராஜர் எங்கள் தொகுதியில் 1957-லும் 1962-லும் நின்று ஜெயித்ததைத் தன் வெற்றியாகவே சொல்லிக்கொள்வார். 1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்ற அன்று அவர் சாப்பிடவில்லை. அதன்பின் பொங்கல் அட்டையில் சூரியன் வரைந்தால் முறைப்பார். "சூரியன் இல்லாம பொங்கலா?" என்று அம்மா கேட்டாள். கடைசியில், இரண்டு மலைக்கு நடுவே சூரியன் எழக்கூடாது, உச்சியில் நின்றால் பரவாயில்லை என்று சமரசம் ஆயிற்று. மாடு வரைந்தால் ஆட்சேபணை இல்லை. காங்கிரஸ் சின்னம் அப்போது இரட்டைக் காளை அல்லவா!

அட்டையை அனுப்பவும் அன்று ஒரு முறை இருந்தது. உறையை ஒட்டாமல், மடிப்பை உள்ளே செருகிவிட வேண்டியிருந்தது. மேலே 'புக் போஸ்ட்' என்று எழுத வேண்டியிருந்தது. அப்படி அனுப்பினால் கட்டணம் குறைவாக இருந்தது. ஆனால் அச்சிட்ட வாழ்த்தில் கையால் எழுதுவது ஐந்து சொல்லுக்கு மேல் போகக்கூடாது, அதுவும் வாழ்த்தாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளிலேயே இந்த ஐந்து சொல் கணக்கு இருந்ததைப் பிற்பாடு வேலையில் சேர்ந்து படித்தபோது அறிந்தேன். உருளைக்கிழங்கில் ஒற்றியது அச்சுக் கணக்கில் சேருமா என்று எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெரியக்கா 1966-ல் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வேறு சாதி. பிலாய் உருக்காலையில் வேலை. சமபந்தி போஜனத்தில் முதல் வரிசையில் உட்காரும் அப்பா, அன்று வீட்டில் வேறு மனிதராக இருந்தார். "இந்த வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு கடுதாசி போகக்கூடாது" என்றார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நாங்கள் அட்டை செய்தபோது, அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்காவுக்கும் ஒண்ணு செய்" என்றாள். அப்பா சொன்னதை நினைவூட்டினேன். "கடுதாசிதானே கூடாதுன்னார்? இது வாழ்த்துல்லா" என்றாள். கொல்லையில் அக்கா வைத்த மருதாணிச் செடி இருந்தது. அதன் கொத்தை வைத்து மை தெறிக்கச் செய்தேன். எழுத வேண்டியதை அம்மா விரல் மடக்கி எண்ணினாள்: "என்றும் நலமாக வாழ்க. பொங்கல் வாழ்த்து." சரியாக ஐந்து. திரும்பி வந்து அப்பா கையில் சிக்கிவிடக்கூடாது என்று அனுப்புநர் முகவரி எழுதவில்லை. 1967-ல் ஒன்று போயிற்று, 1968-ல் ஒன்று போயிற்று. பதில் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது.

1969 பொங்கலுக்கு அட்டைத் துண்டு தீர்ந்துபோனது. அம்மா அப்பாவின் பெட்டியைத் திறந்து ஒரு தாள் எடுத்துக் கொடுத்தாள். கதர்க் கடையில் வாங்கிய கைக்காகிதம். காந்தியடிகள் 1934-ல் வார்தாவில் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா நடத்தினார். அவர்கள் உயிர் கொடுத்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. கந்தல் துணியைக் கூழாக்கிச் சல்லடையில் அள்ளி, ஒவ்வொரு தாளாகச் செய்வது. அப்பா அதில் கணக்குகூட எழுதமாட்டார். தலைவர்களுக்குக் கடிதம் எழுத மட்டும் எண்ணி வைத்திருந்தார். முரட்டுத் தாள், மையை இழுத்துப் பரப்பும். அம்மா கஞ்சித் தண்ணீர் தடவிக் காயவைத்து, டம்ளரின் அடியால் தேய்த்துக் கொடுத்தாள். அப்புறம் மை நின்றது.

எண்ணி வைத்தவருக்கு ஒரு தாள் குறைந்தது தெரியாமலிருக்குமா? மறுநாள் சாயங்காலம் மாடத்தில் இருந்த உறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒட்டாத உறைதானே. பிலாய் உறையிலிருந்து அட்டையை எடுத்தார். மருதாணி இலையைப் பார்த்தார். ஐந்து சொல்லையும் படித்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். நான் எங்கே ஓடலாம் என்று பார்த்தேன்.

உறையைத் திருப்பிப் பார்த்தவர், "அனுப்புநர் விலாசம் எங்கலே?" என்று கேட்டார். நான் பேசவில்லை. பேனாவை எடுத்து அவரே எழுதினார். முதலில் தன் பெயர். அடுத்து தெருப் பெயர். அடுத்து சாத்தூர், இராமநாதபுரம் ஜில்லா. மற்ற உறைகளில் நான் மதராஸ் மாநிலம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "போய்ச் சேரும்போது பேர் மாறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இதில் 'தமிழ்நாடு' என்று எழுதினார்.

அந்த ஆண்டு ஜனவரி 14 முதல், பொங்கலன்றே, மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. அண்ணா முதலமைச்சர். அதற்கு முன்பே, 1956-ல், அந்தப் பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்து விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டவர் சங்கரலிங்கனார் என்ற காந்தியவாதி. அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். ஆட்சி எதிர்க்கட்சியுடையது என்றாலும் அந்தப் பெயரை எழுத அவருக்குக் கை தயங்கவில்லை. மகளுக்கு எழுதுவதற்கு அது ஒரு சாக்காகவும் இருந்ததா? கேட்கும் வயசு எனக்கு இல்லை. கேட்கும் வயசு வந்தபோது அவர் இல்லை.

அந்தச் சித்திரையில் அப்பா பெயருக்கே ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. படித்துவிட்டு மடித்து, அம்மா கண்ணில் படும்படி வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த பொங்கலுக்கு அக்கா கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாப்பிள்ளையிடம் அப்பா முகம் பார்த்துப் பேச இன்னும் நாலைந்து வருஷம் ஆயிற்று.

முந்தைய இரண்டு அட்டைகளும் வந்து சேர்ந்தனவா என்று அக்காவிடம் கேட்டேன். சேர்ந்தனவாம். மருதாணியைப் பார்த்ததும் அம்மா என்று தெரிந்துவிட்டதாம். "அனுப்புநர் பேர் இல்லாததால, பதில் போடக்கூடாதுன்னு புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். இரண்டு வருஷம் அவள் எழுதாமலிருந்த காரணம் அவ்வளவுதான்.

அஞ்சலகத்தில் இருந்தபோது, அனுப்புநர் முகவரி இல்லாத உறை கையில் வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்ப்பேன். விதிப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை. யாரோ ஒரு அம்மா எண்ணி எழுதியதாக இருக்கலாம் என்று தோன்றும், அவ்வளவுதான்.

அக்கா அந்த உறையைச் சென்ற வருடம் என்னிடம் கொடுத்தாள். கைக்காகித அட்டை ஓரத்தில் கொஞ்சம் பழுத்திருக்கிறது, ஆனால் நொறுங்கவில்லை. மை மங்கவில்லை. சாத்தூர் நிப்பு, அப்பாவின் சாய்ந்த எழுத்து.

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலும் இப்படி ஏதாவது கிடக்கும். கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யார் செய்தது, எந்த வருஷம் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். நமக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது. பேத்தியை உட்காரவைத்து வெண்டைக்காயை மையில் ஒற்றிக் காட்டினேன். அவள் இந்தப் பொங்கலுக்கு அக்காவுக்கு ஓர் அட்டை செய்திருக்கிறாள். அனுப்புநர் முகவரியை நான் எழுதினேன்.