மெயில் ஸ்கிரீனில் இருக்கு, பேப்பரில் வரலையா? பிரிண்ட் சிக்கலைச் சரிசெய்வது எப்படி?

நாளை காலை பொன்முடிக்குக் கிளம்புகிறீர்கள். ரூம் புக்கிங் மெயில் லேப்டாப்பில் இருக்கிறது. மலையில் சிக்னல் போனாலும் கையில் ஒரு பேப்பர் இருக்கட்டும் என்று பிரிண்ட் கொடுக்கிறீர்கள். ஒன்றுமே வரவில்லை, அல்லது பாதி எழுத்து வெட்டுப்பட்டு வருகிறது. கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய பிறகு மெயில் லோட் ஆகுமா என்று போனைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, இன்று இரவே இதைச் சரிசெய்துவிடலாம்.

கோளாறு எங்கே?

முதலில் நோட்பேடில் ஒரு வரி டைப் செய்து பிரிண்ட் கொடுங்கள். அதுவும் வரலைன்னா பிரச்னை பிரிண்டரில் அல்லது விண்டோஸில். அது வந்து மெயில் மட்டும் வரலைன்னா, மெயில் செயலியில். இன்னொரு மெயில் சரியாக வந்தால், அந்த ஒரு மெயிலின் வடிவமைப்பில்தான் சிக்கல். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் டிரைவரை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை.

எதுவுமே பிரிண்ட் ஆகவில்லையா?

செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பகுதிக்குப் போய், உங்கள் பிரிண்டரின் வரிசையைத் திறங்கள். பழைய வேலை ஒன்று சிக்கியிருந்தால், பின்னால் வரும் எல்லாமே காத்திருக்கும். எல்லாவற்றையும் கேன்சல் செய்யுங்கள். அப்படியும் போகலைன்னா, ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' திறந்து, 'பிரிண்ட் ஸ்பூலர்' மீது ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

எப்போதும் தப்பு உங்கள் மேல் இல்லை. 2021 மார்ச்சில் வெளியான விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, சில பிரிண்டர்களில் பிரிண்ட் கொடுத்தாலே நீலத்திரை வந்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் திருத்தம் வெளியிட்டது. நேற்று வரை ஓடிய பிரிண்டர் அப்டேட்டுக்குப் பிறகு நின்றால், புதிய அப்டேட் ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அவுட்லுக்கில் மட்டும் சிக்கலா?

மெயிலுக்குப் பதில் இன்பாக்ஸ் பட்டியல் வருகிறதா? பிரிண்ட் திரையில் 'டேபிள் ஸ்டைல்' தேர்வாகியிருக்கும். 'மெமோ ஸ்டைல்' என்று மாற்றுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அவுட்லுக்கைத் திறந்தால் சேஃப் மோடில் திறக்கும். அதில் பிரிண்ட் வந்தால், ஏதோ ஒரு ஆட்-இன் தடுக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

தண்டர்பேர்டில்?

வலது ஓரம் வெட்டுப்பட்டால், கன்ட்ரோலும் பி-யும் அழுத்தி வரும் முன்னோட்டத்தில் 'ஃபிட் டு பேஜ் விட்த்' தேர்வு செய்யுங்கள். பேப்பர் அளவு 'லெட்டர்' என்றிருந்தால் 'ஏ4' ஆக்குங்கள். படமோ க்யூஆர் கோடோ இல்லாமல் வந்தால், வெளிப் படங்களைத் தண்டர்பேர்ட் தடுத்திருக்கலாம். அனுப்பியவரை நம்பலாம் என்றால் மட்டும் அனுமதியுங்கள். ஹெல்ப் மெனுவின் 'ட்ரபுள்ஷூட் மோட்' இங்கே சேஃப் மோட் மாதிரி.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதா?

ஸ்கிரீனிலேயே தப்பாகத் தெரிந்தால், தண்டர்பேர்டின் வியூ மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அழுத்துங்கள். ஸ்கிரீனில் சரி, பேப்பரில் மட்டும் கட்டம் என்றால், மெயிலைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து அடோபி ரீடரில் திறங்கள். பிரிண்ட் திரையின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'பிரிண்ட் அஸ் இமேஜ்' டிக் செய்தால் எழுத்துகள் படமாகவே அச்சாகும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

அவசரத்தில் 'பிரிண்டர் கஸ்டமர் கேர்' என்று தேடி, கண்ணில் படும் எண்ணுக்குப் போன் போடாதீர்கள். போலி எண்கள் உண்டு. ரிமோட் ஆப் போடச் சொல்லி வங்கிக் கணக்கு வரை போவார்கள். எண்ணை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

கடைசி வழி

பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுத்து மெயிலைச் சேமித்து, போனில் ஒரு காப்பி வையுங்கள். சிக்னல் இல்லாமலும் அது திறக்கும். பேப்பரும் வேண்டுமென்றால், அந்த பைலைப் பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். கடை கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலை லாகின் செய்யாதீர்கள்.