நுங்கம்பாக்கத்தில் இரண்டு விடியல்

பழந்தமிழில் வால்நட்சத்திரம் வருவது பெரும்பாலும் ஓர் 'உம்'மைத் தொற்றிக்கொண்டுதான். புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டைப் பற்றிப் பேசும்போது, தூமம் தோன்றினாலும்கூட அங்கே மழை பொய்க்காது என்கிறார். சிலப்பதிகாரத்தில், நாடுகாண் காதையில், புகைக்கொடி எழுந்தாலும் காவிரி தன் ஒழுக்கம் தவறாது என்று வருகிறது. இரண்டு இடங்களிலும் கெட்ட சகுனம் உள்ளே அழைக்கப்பட்டு, உடனேயே வெளியே அனுப்பப்படுகிறது. நம்பிக்கை இருந்தது, இல்லாவிட்டால் மறுக்க வேண்டிய அவசியம் இராது. ஆனால் கவிஞனின் அக்கறை சகுனத்தில் இல்லை, மழையில் இருக்கிறது. கபிலர் அதைப் பாடிய வேளையில் பாரி உயிரோடு இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பறம்பு விழுந்தது தூமத்தால் அல்ல, மூவேந்தர் முற்றுகையால்.

எங்கள் ஊரில் கார்த்திகை சமயத்தில் மேடையேறுகிற பேச்சாளர்களில் சிலருக்கு வேறு ஓர் அபிப்பிராயம் உண்டு. அடிமுடி காணாத அக்கினித் தம்பமே ஒரு வால்நட்சத்திரம்தான், நம் முன்னோர் அதைக் கண்டு பதிவு செய்து வைத்தார்கள் என்பார்கள். புராணத்துக்கு விஞ்ஞானச் சான்றிதழ் வாங்கித் தருகிற இந்த உத்தியோகத்தை நான் ரசிப்பதில்லை. போகட்டும், உவமை என்ற அளவிலாவது பொருந்துகிறதா? வால்நட்சத்திரத்துக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு; இரண்டையும் அளக்க முடியும். அடிமுடி காணாத ஒன்றுக்கு வானத்தில் இதைவிட மோசமான வேட்பாளர் கிடையாது.

பாரதியிடம் வருவோம். 1910இல், சாதாரண வருஷத்தில், புதுச்சேரியிலிருந்து அவர் எழுதிய தூமகேதுக் கவிதை பஞ்சாங்கம் பார்த்து எழுதியதல்ல, கிழக்கு வானத்தைப் பார்த்து எழுதியது. வால்நட்சத்திரத்தை அவர் வெள்ளிக்குப் பக்கத்தில் வைக்கிறார். அந்த மே மாதத்து விடியல்களில் ஹாலி உண்மையிலேயே வெள்ளிக்கு அருகில்தான் இருந்தது. அதன் வால் பூமியைத் தடவிப் போகும், தீங்கு நேராது என்ற அன்றைய செய்தியும் கவிதைக்குள் இருக்கிறது. வாலில் சயனோஜன் வாயு இருக்கிறது என்று கேட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனங்கள் கலங்கி, 'வால்நட்சத்திர மாத்திரை' வாங்கி விழுங்கிய மாதம் அது. புதுச்சேரியில் ஒரு கவிஞர் கலங்காமல் அதை வரவேற்றுக் கேள்வி கேட்டார். இது சின்ன விஷயமில்லை.

என்னை உறுத்துவது அதே கவிதையில் வரும் புலம்பல். நம் வான நூல்களை நாம் மறந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, உன் இயல்பை அன்னியர் சொல்லித்தான் கேட்டோம், தெளிந்தவர் நம்மில் எவருமில்லை என்கிறார். இது எவ்வளவு தூரம் உண்மை? பதில் சொல்ல 1872க்கு, சென்னை நுங்கம்பாக்கத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் பீலா. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வில்ஹெல்ம் ஃபான் பீலா ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. நம் ஊர்ப் பீலாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) 1826இல் அவர் கண்ட வால்நட்சத்திரம், 1772லும் 1805லும் வேறு இருவர் கண்டதேதான் என்று கணக்கில் தெரிந்தது. சூரியனை ஆறே முக்கால் வருஷத்துக்கொரு முறை சுற்றியது. அதன் பாதை பூமியின் பாதையை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு போனது. 1832இல் அது வந்தபோது ஐரோப்பாவில் இதனால் ஒரு கிலி. 1846 ஜனவரியில் பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஒன்று இரண்டாகியிருந்தது. 1852இல் இரண்டும் வந்தன, நடுவே இருபது லட்சம் கிலோமீட்டருக்கும் மேலான இடைவெளியுடன். அதன் பிறகு யாரும் காணவில்லை. 1859இல் இருந்த இடம் பார்ப்பதற்குத் தோதாக இல்லை. 1865-66இல் தோதாக இருந்தும், எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

வால்நட்சத்திரம் ஏன் உடைய வேண்டும்? அன்று யாருக்கும் தெரியாது. 1950இல் ஃப்ரெட் விப்பிள் சொன்ன பதில்தான் இன்றும் அடிப்படை: அதன் கரு பனியும் தூசும் கலந்த ஒரு கட்டி. சூரியனை நெருங்கும்போது பனி நேராக ஆவியாகிறது, தூசைத் தூக்கிக்கொண்டு பீறிடுகிறது. பீறிடுவது ராக்கெட் போலக் கருவையே கொஞ்சம் தள்ளிவிடும். ஹாலி ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ நான்கு நாள் தாமதமாக வருவது இதனால்தான். ஈர்ப்பு விதி பொய்த்துவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. வால், சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். ஆகவே திரும்பிப் போகும்போது வால்நட்சத்திரம் தன் வாலை முன்னே விட்டுக்கொண்டுதான் போகிறது. ஊரில் 'வாலை இழுத்துக்கொண்டு ஓடுகிறது' என்பது பாதி நேரம் தப்பு. இளகிய கட்டி, உள்ளே வெற்றிடங்கள், ஒரு பக்கம் வெயில் — உடைவதில் ஆச்சரியமில்லை, உடையாமல் பல சுற்றுத் தாங்குவதுதான் ஆச்சரியம். உதிர்ந்த தூசு அதே பாதையில் தொடர்ந்து ஓடுகிறது. பூமி அந்தப் பாதையைக் கடக்கும்போது நமக்கு எரிகற்கள்.

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகற்கள் மணிக்கு ஆயிரக்கணக்கில் பொழிந்தன. எல்லாம் ஆண்டிரோமீடா மண்டலத்திலிருந்து புறப்படுவதுபோல் தெரிந்தது. பீலா வரவேண்டிய பாதை அது. ஜெர்மனியில் கோட்டிங்கன் வானாய்வகத்தின் கிளிங்கர்ஃப்யூஸுக்கு ஒரு யோசனை உதித்தது. கூட்டம் ஆண்டிரோமீடாவின் திசையிலிருந்து வந்து பூமியைத் தாண்டியிருந்தால், இப்போது அது வானத்தில் நேர் எதிர்ப்புறத்தில், தெற்கே சென்டாரஸ் மண்டலத்துத் தீட்டா என்ற விண்மீனருகே விலகிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து அந்த இடத்தைப் பார்க்க வழியில்லை. தெற்கே, பூமத்திய ரேகைக்குப் பக்கமாக, நல்ல தொலைநோக்கியும் பழகிய கண்ணும் எங்கே? நவம்பர் 30 அன்று சென்னைக்குத் தந்தி கொடுத்தார்: பீலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகில் தேடவும். ருஷ்யா வழியாக அது சென்னைக்கு வந்து சேர ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம் ஆனது.

பெற்றுக்கொண்டவர் நார்மன் ராபர்ட் போக்ஸன். 1861 முதல் சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுகோலை 1856இல் வகுத்தவர். சென்னையிலிருந்து அவர் கண்டுபிடித்த முதல் சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அந்த வானாய்வகம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்படப் பல மொழிக் கல்வெட்டுடன், இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. (திருச்சிக்கோ தஞ்சைக்கோ கல்வெட்டுப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் ஒரு முறை பார்க்கலாம்.)

கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவம். இதற்கு மேல் தமிழ் வாசகருக்கு விளக்கம் வேண்டாம். தீபத்தன்று ஆறு மணிக்கு உச்சியை மேகம் மூடிக்கொள்ள, கழுத்து வலிக்க நின்றிருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். அமாவாசையை ஒட்டிய நாட்கள் என்பதால் நிலா தொந்தரவு இல்லை, மேகம்தான் எதிரி. முதல் இரண்டு விடியல் மழையில் போயிற்று. மூன்றாவது விடியலில், ஐந்தரை மணி சுமாருக்கு, மேகத்தில் ஒரு நீலக் கிழிசல். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். வட்டமாக, தெளிவான கருவுடன், வாலில்லாமல் ஒன்று. குறுக்களவு 45 விகலை. பெயரில்லாத ஒரு விண்மீனோடு நான்கு முறை ஒப்பிட்டார். நான்கு நிமிஷத்தில் அது நகர்ந்திருந்தது. ஆகவே விண்மீன் இல்லை. மறுநாள் விடியலில் இன்னும் நன்றாகப் பார்த்தார். குறுக்களவு 75 விகலை, மங்கலான சின்ன வால் எட்டுக் கலை நீளம், அதாவது நிலாவின் அகலத்தில் கால் பங்கு. பீலா இரண்டாகப் பிளந்ததாயிற்றே, இன்னொரு துண்டைத் தேட அவருக்கு நேரமில்லை. அதற்கடுத்த நாள் மேகமும் மழையும் திரும்பி வந்தன.

அவர் குறிப்பில் தேதி டிசம்பர் 2, 3 என்றிருக்கும். வானியலாளரின் நாள் அன்று நண்பகலில் பிறந்தது. நம் நாட்காட்டிப்படி அவை 3, 4 தேதிகளின் விடியல்கள்.

சிக்கல் இங்கேதான். ஒரு பொருள் சூரியனைச் சுற்றும் பாதையை வரையறுக்க ஆறு எண்கள் வேண்டும். ஒரு முறை பார்த்தால் வானத்தில் அதன் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள்தான் கிடைக்கும், தூரம் தெரியாது. ஆக, குறைந்தது மூன்று நாள் வேண்டும். போக்ஸனிடம் இருந்தது இரண்டு. நான்கு எண்ணை வைத்துக்கொண்டு ஆறைப் பிடிக்க எந்த கணித மேதையாலும் ஆகாது. பின்னால் கணக்கிட்டவர்கள், பீலாவின் உடல் அந்தப் பொழிவுக்குப் பல வாரங்கள் முன்பே அந்த இடத்தைக் கடந்திருக்க வேண்டும், சென்னையில் கண்டது பீலாவாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினார்கள். அப்படியானால் அது என்ன? தந்தி சொன்ன இடத்தருகே, தந்தி சொன்ன சமயத்தில், சம்பந்தமே இல்லாத வேறொரு வால்நட்சத்திரம் எதேச்சையாக இருந்தது என்றாகிறது. நாவலில் எழுதினால் விமர்சகன் விடமாட்டான்.

வங்கியில் யாருடையது என்று தெரியாத தொகை வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். பணம் உண்மை, சொந்தக்காரர்தான் இல்லை. வால்நட்சத்திரப் பட்டியலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பாதை தெரியாதவற்றுக்கு 'எக்ஸ்' என்ற எழுத்து. போக்ஸனுடையது எக்ஸ்/1872 எக்ஸ்1. பீலாவுக்கு 'டி': தொலைந்தது அல்லது மாண்டது. ஒரு மழை விட்டிருந்தால் எழுத்து மாறியிருக்கும்.

இந்த நிகழ்ச்சி நடந்தபோது அதே வானாய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். இளவயதிலேயே வானாய்வகத்தில் சேர்ந்தவர். 1867இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் 'ஆர்' என்ற மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தார். 1868 சூரிய கிரகணத்துக்கு வனபர்த்தியில் ஒரு குழுவை நடத்தினார். 1872லேயே லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்த இடம் பெற்ற முதல் இந்தியர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்க ஒரு சித்தாந்தியோடு பேசுகிற உரையாடலாக நூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். நேரடி நோக்கோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். 1880இல் இறந்தார்.

பாரதி பிறந்தது 1882. தெளிந்தவர் எவருமில்லை என்று அவர் எழுதியபோது ரகுநாதாச்சாரி போய் முப்பது வருஷம். அதே 1910இல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் ஹாலியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் வேலை 1899இல் அங்கே மாறியிருந்தது. பாரதி தவறிழைத்தார் என்று தீர்ப்பெழுதிவிடலாம், சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய வரி தகவலாகப் பிழை, நிலவரமாகச் சரி. ஒரு மனிதர் கண்டுபிடித்தது ஆங்கில அறிக்கையிலும் பஞ்சாங்கச் சண்டையிலும் கிடந்தது; தமிழ் எழுதப் படிக்கிறவனின் மனசுக்குள் வரவில்லை. பத்திரிகை ஆசிரியராகவும் இருந்த பாரதிக்கே எட்டவில்லையென்றால் வேறு யாருக்கு எட்டியிருக்கும்? இன்றும் ரகுநாதாச்சாரி பெயரைச் சொன்னால், உபன்யாசகரா என்று கேட்கிறார்கள். நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும் இந்த முன்னோரைத் தெரியாது.

சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் படித்த வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு புது வால்நட்சத்திரத்தைக் கண்டார். பாப்பு-பாக்-நியூகர்க் என்று அவர் பெயரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். பின்னால் அவர்தான் எங்கள் பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை எழுப்பினார். 1986 ஜனவரியில் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அவர் 1982லேயே போய்விட்டார். அந்த வருஷம் ஹாலி வந்தது. ஜியோட்டோ விண்கலம் அதனருகே சென்று கருவைப் படமெடுத்தது: பதினைந்து கிலோமீட்டர் நீளம், கரியைவிடக் கறுப்பு. 2023 டிசம்பரில் அது நெப்டியூனுக்கும் அப்பாலுள்ள தன் கடைசி எல்லையைத் தொட்டுத் திரும்பியிருக்கிறது. 2061இல் வரும்.

பீலாவின் தூசு 1885 நவம்பர் 27 அன்று இன்னொரு முறை பொழிந்தது. வியாழனின் இழுப்பில் பாதை நகர்ந்துபோக, பிறகு மெலிந்துவிட்டது. 2011 டிசம்பர் தொடக்கத்தில் கனடாவின் ரேடார் ஒன்று எதிர்பாராத ஒரு சின்னப் பொழிவைப் பதிவு செய்தது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. அந்த நாட்களில் எங்கள் ஊரிலும், காவலூரிலும் பெரும்பாலும், மேகம்தான். போக்ஸன் தேட நேரமில்லாமல் விட்ட அந்த இன்னொரு துண்டை அவருக்குப் பின் யாரும் பார்க்கவில்லை.