வள்ளிக்கிழங்கின் வமிசாவளி

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், மலைநாட்டார் நட்டுண்ட கிழங்குகளையும் காட்டில் அகழ்ந்தெடுத்த கிழங்குகளையும் பற்றி எழுதியுள்ளார். அவற்றின் பெயர்களைச் சொல்வதாற் பயனில்லையென்று விட்டுவிட்டார். சரித்திர மாணவனுக்கு அது பெருநட்டமே.

பயிர்விருத்தி செய்வோருக்கும் அவ்வாறே. ராசவள்ளி விதையாலன்றிக் கிழங்குத் துண்டாலேயே பயிராவது. ஆதலின் புதுக்கொடி பழங்கொடியின் மறுபதிப்பேயாம். ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு கொடியிற் பூப்பன. பூப்பதே அரிதான வகைகளும் பல. நெல்லிலே கலப்பினங்கள் பெருகிய காலத்தும் வள்ளி பின்தங்கியமைக்குக் காரணம் இதுவே. நல்ல கொடியைத் தெரிந்து, அதன் துண்டை மறுபோகத்துக்கு ஒதுக்கிவைத்த பெயரறியாக் குடியானவரே நெடுங்காலம் அதன் ஆராய்ச்சியாளராயிருந்தனர்.

திருவனந்தபுரத்தில் 1963இலும் நைஜீரியாவின் இபாதானில் 1967இலும் ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றிய பின்னரே முறையான கலப்பு வலுப்பெற்றது. ஆபிரிக்க வெள்ளை வள்ளியிலிருந்து, கொம்பூன்ற வேண்டாத குற்றினமாகிய ஸ்ரீ தன்யாவைத் திருவனந்தபுரத்தார் 1990களில் வெளியிட்டனர். அவ்வெள்ளை வள்ளியின் மரபணுத் தொகுதி 2017இல் வெளியானபோது, நாற்றுப் பருவத்திலேயே ஆண் பெண் அறியும் வழியும் கிடைத்தது. அதற்குமுன் பூக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் கலப்பதற்கு வகைகள் வேண்டுமே! பிலிமத்தலாவைக்கு அண்மையில், 1638இற் போத்துக்கேயர் முறியடிக்கப்பட்ட அதே கன்னொறுவையில், 1988இல் தாவர மரபுவள நிலையம் அமைந்தது. நெல் விதையைக் குளிரறையிற் பல்லாண்டு வைக்கலாம். வள்ளி வகையையோ ஆண்டுதோறும் நடவேண்டும். அன்றேல் கண்ணாடிக் குழாயில் இழையமாக வளர்க்கவேண்டும். வீட்டுத்தோட்டம் மனைகளாகத் துண்டாடப்படும்போது வேலியோரக் கொடியொன்று பிடுங்கப்பட்டால், வேறெங்கும் அது இல்லையாயின், அவ்வகை அன்றே அற்றுப்போகும்.