மாத்திரை அளவு: தோட்டத் தமிழரின் விசைக் கணக்கு

மலாக்கா மாநிலத்தில், டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டபின் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் அன்றாட வாழ்வே விசையை அளந்து செலுத்தும் பயிற்சியாக அமைந்தது. பால்மரம் சீவுபவர் பட்டையை மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். கத்தி ஆழ்ந்து, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சிட்டு வளரும்.

தமிழர் மலாயாவுக்குக் கொண்டுவந்த சிலம்பத்திலும் இதே ஒழுங்கு உண்டு. கம்பின் வேகம் தோளில் மட்டும் பிறப்பதன்று, காலடி வைப்பிலும் இடுப்பின் திருப்பத்திலும் பிறந்து மணிக்கட்டில் அடங்குவதாகும்.

இக்கலையோடு உறவுடைய வர்ம மருத்துவம், உயிர்நிலைப் புள்ளிகளை 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 ஆக வகுத்து, அவற்றின்மேல் செலுத்தும் விசையை முழு, முக்கால், அரை, கால் மாத்திரை என அளக்கிறது. மிகுந்த மாத்திரையில் உடலை முடக்கும் புள்ளியே, குறைந்த மாத்திரையில் பிடிப்பைத் தளர்த்தும் வாயிலாகிறது. அடிபட்ட உறுப்பை மீட்கச் சித்த மருத்துவம் கையாளும் தொக்கணம், அதாவது உடலைப் பிடித்துவிடும் முறை, தட்டல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உள்ளிட்ட 9 வகைப்படும்.

அடக்கத் தெரிந்த கையே ஆற்றவும் தகுதியுடையது என்னும் இவ்வறிவு, தோட்டங்கள் நகரங்களாக மாறிய பின்னும் பேணத்தக்க மரபுச் செல்வமாகும்.