ஊறுகாய் ஜாடியில் செத்த தங்கமீனும் ஆயிரம் வருஷக் கதையும்

சின்ன வயசுல வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போனா எனக்கு ராட்டினம், மிட்டாய் எதுவும் கண்ணுல படாது. பாலிதீன் பையில தண்ணி ஊத்தி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டித் தொங்க விட்டிருப்பாங்களே, அந்தத் தங்கமீன் மேலதான் கண்ணு. எட்டாவது படிக்கிறப்ப அப்பத்தாகிட்ட அழுது அடம்பிடிச்சு ரெண்டு வாங்கினேன். வீட்டுல பழைய ஊறுகாய் ஜாடியைக் கழுவி, குழாய்த் தண்ணியை நிரப்பி விட்டாச்சு. மூணாம் நாள் ஒண்ணு மிதந்துச்சு. அஞ்சாம் நாள் இன்னொண்ணு.

"இந்த மீனுக்கு ஆயுசே அம்புட்டுதாண்டா" என்றது அப்பத்தா. நானும் ரொம்ப வருஷம் அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

போன வருஷம் என் மக ஒரு தங்கமீன் கேட்டா. இந்த தடவை படிச்சுப் பாத்துட்டு வாங்கலாம்னு உக்காந்தேன். முதல் அதிர்ச்சியே பெருசு. 1956-ல் இங்கிலாந்தில் இதே மாதிரி ஒரு திருவிழாவுல பரிசாக் கிடைச்ச 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரைக்கும் இருந்திருக்கு. 43 வருஷம்! நல்லா வளர்த்தா பத்து, பதினஞ்சு வருஷம் சாதாரணம். அப்ப என் மீனைக் கொன்னது ஆயுசு இல்லை, ஜாடி.

சரி, கதைக்கு வருவோம்.

தங்கமீனோட மூதாதை தங்க நிறத்துல இல்லை. சீனாவில் இருந்த, சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு சாதாரண கெண்டை வகைதான். அதுல எப்பவாவது கருப்பு நிறமி இல்லாம ஒண்ணு செம்மஞ்சளாப் பிறக்கும். அப்படிப்பட்ட மீனைச் சாப்பிடாம, புண்ணியம்னு மடங்களோட குளத்துல விட்டிருக்காங்க பௌத்தர்கள். சோங் மன்னர்கள் காலத்துல (960–1279) இதுகளுக்குன்னே குளம் வெட்டி வளர்த்தாங்க. நம்ம ஊர் ஊருணி மாதிரின்னு வைங்களேன். மிங் காலத்துல (1368–1644) தான் இது பெரிய மண்தொட்டி, பீங்கான் தொட்டிகளுக்கு வந்துச்சு. தொட்டிக்குள்ள மேல இருந்துதானே பாக்க முடியும்? அதனாலதான் மேல இருந்து பாக்க அழகா இருக்கிற இரட்டை வால், பிதுங்கின கண்ணு எல்லாம் தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க.

பதினேழாம் நூற்றாண்டுல ஐரோப்பாவுக்குப் போனப்புறம்தான் கண்ணாடிக் கிண்ணம் பிரபலமாச்சு. மேஜை மேல வைக்கிற அலங்காரப் பொருளா ஆயிடுச்சு மீன்.

இதுல எனக்குப் பிடிச்ச ஆள் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். சுமார் 12 கேலன் தண்ணி, அதாவது ஐம்பது லிட்டருக்கு மேல பிடிக்கிற கண்ணாடிப் பாத்திரத்துல ரெண்டு சின்ன தங்கமீனையும், நாடா மாதிரி நீளமா வளர்ற வாலிஸ்னேரியா செடியையும் விட்டார். செடி இலை அழுகித் தண்ணி கலங்கிச்சு. உடனே குளத்து நத்தையைக் கொண்டு வந்து விட்டார். அது அழுகலைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுச்சு. 1850-ல் இதைக் கட்டுரையா எழுதினார். இன்னைக்கு நாம வைக்கிற மீன்தொட்டிக்கு அது ஒரு முக்கியமான ஆரம்பம். ரெண்டு குட்டி மீனுக்கு அவர் வச்சது அம்பது லிட்டருக்கு மேல பிடிக்கிற பாத்திரம். நான் வச்சது ஒன்றரை லிட்டர் ஜாடி!

ஜாடிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இப்பதான் வெளங்குது. மீன் செவுள் வழியாவும் கழிவு வழியாவும் அம்மோனியா வெளிய விடும். அது விஷம். தொட்டியில நாளாக நாளாக வளர்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான். அப்புறம் நைட்ரேட்டா மாறினாதான் ஆபத்து குறையும். இந்த பாக்டீரியா நிலைகொள்ளவே சில வாரம் ஆகும். புது ஜாடியில அது கிடையாது. போதாக்குறைக்கு குழாய்த் தண்ணியில குளோரின். அதுக்கும் மேல நம்ம சித்திரை வெயில். தண்ணி சூடாக ஆக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும், தங்கமீனோ குளிர்ச்சியை விரும்புற ஜாதி.

அதனால இந்த தடவை செஞ்சது இதுதான். எண்பது லிட்டர் தொட்டி, காத்து மோட்டார், ஃபில்டர். தொட்டியை ஓட விட்டு அம்மோனியா சோதிச்சுப் பாத்துட்டு, ஒரே ஒரு மீன். வெயில் படாத மூலை. வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துறோம், குளோரின் நீக்கும் மருந்து போட்டுட்டு. தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது, கேட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான் தீனி.

கடைசியா ஒண்ணு. "வளக்க முடியலைன்னா முல்லையாத்துல விட்டுரலாம், புண்ணியம்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். வேணாம்ணே! வெள்ளைக்காரன் 1870-கள்ல ஊட்டி ஏரியில, தங்கமீனுக்கு நெருங்கின சொந்தமான குரூசியன் கெண்டையைக் கொண்டு வந்து விட்டான். 1939-ல் இலங்கையில இருந்து சாதாக் கெண்டை ஊட்டிக்கு வந்துச்சு. அந்த சாதாக் கெண்டை இன்னைக்கு நமக்கு மேல தேக்கடியில, பெரியாறு ஏரியிலயும் பெருகிக் கிடக்கு. அந்த ஏரிக்கு வர்ற ஓடைகள்ல லெபிடோபைகாப்சிஸ் டைபஸ்னு ஒரு மீன் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் இல்லாதது. வெளியில இருந்து வந்த மீன் பெருகப் பெருக இந்த மாதிரி உள்ளூர் மீனுக்குத்தான் கஷ்டம். 1895-ல் பெரியாறு அணை கட்டினதுல இருந்து அந்தத் தண்ணிதான் நம்ம வயலுக்கும் வருது. நாம விடுற மீனுக்கும் அந்த ஆத்துல எல்லை கிடையாது. வளக்க முடியலைன்னா வளக்கத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடுங்க.

மகளோட மீனுக்கு இப்ப பதினாலு மாசம். விரல் நீளத்துல வந்தது, உள்ளங்கை அளவு ஆயிடுச்சு. அப்பத்தா இருந்திருந்தா கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். ஆயுசு கம்மியில்ல அப்பத்தா, ஜாடிதான் சின்னதுன்னு.