சேராள் (விவிலியம்)

சேராள் என்பவர் 1 நாளாகமம் 7:24இல் மட்டும் குறிப்பிடப்படும் இசுரயேலிய பெண். எப்பிராயீம் கோத்திர வம்ச வரலாற்றில் இவர் பெயர் வருகிறது. இத்தகைய பட்டியல்களில் பெண்கள் பெரும்பாலும் தாய், மனைவி, மகள் என்றே குறிக்கப்படுகின்றனர். சேராளோ கீழ்ப் பெத்தொரோன், மேல் பெத்தொரோன், ஊசேன்சேரா ஆகிய மூன்று ஊர்களைக் கட்டியவராகக் கூறப்படுகிறார். மூன்றாவது ஊர் இவர் பெயரையே தாங்கியுள்ளது.

பெத்தொரோன், கடலோரச் சமவெளியிலிருந்து எருசலேம் மலைப்பகுதிக்கு ஏறும் வழியில் அமைந்தது. பின்னாளில் சாலொமோன் அதன் இரு பகுதிகளையும் அரண்செய்தார் (2 நாளாகமம் 8:5). கி.பி. 66இல் செஸ்டியஸ் கேலஸின் உரோமைப் படை யூதக் கிளர்ச்சியாளர்களிடம் இங்கே பெருந்தோல்வி கண்டது.

பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தா, சேராள் என்னும் பெயரை ‘எஞ்சியோர்’ எனப் பொருள்படும் பொதுச்சொல்லாகக் கொண்டது. அதனால் அவ்வாசகத்தில் ஊர்களைக் கட்டிய பெண் மறைந்துபோனார். எபிரேய மூலத்தில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.