ஆணியில்லாக் கப்பலும் கிளாம் மரப்பட்டையும்

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது சற்றுத் தயங்கினோம். நாம் கடையில் ஆணியும் கயிறும் பெயின்டும் விற்பவர்கள். படித்ததும் பாலிடெக்னிக்கில் ஒரு டிப்ளோமாதான். ஆனாலும் ஓர் ஆணிகூட அடிக்காமல் கயிற்றால் தைத்தே கட்டப்பட்ட ஒரு கப்பலின் கதை நெடுநாளாக நம் மனத்தில் இருக்கிறது. அதையே இங்கு எழுதத் துணிந்தோம்.

1998ஆம் ஆண்டு, இந்தோனேசியாவின் பெலிதோங் தீவருகே கடல் அட்டை எடுக்க மூழ்கியவர்கள் கடலடியில் ஒரு பழைய கப்பலைக் கண்டார்கள். உள்ளே 60,000க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான் பொருள்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த சீன ஆண்டைக் கணக்கிட்டால் கி.பி. 826 வருகிறது. அந்தச் சரக்கை இன்று சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் காணலாம். பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் தங்கக் கிண்ணத்தின் முன்தான் கூடுகிறார்கள். வியாபாரிகளான நமக்கும் சரக்கின் மேல் கண் போகாமல் இல்லை. ஆனால் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது சரக்கைச் சுமந்து வந்த மரக்கலம்.

அது அரபுக் கடற்கரையின் முறைப்படி கட்டப்பட்ட கப்பல். பலகையோடு பலகை சேர்த்து, ஓரங்களில் துளையிட்டு, கயிற்றால் தைத்திருந்தார்கள். இரும்பு கிடைக்காததால் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பாறை நிறைந்த கடலில் ஆணியடித்த கப்பல் மோதினால் உடைந்துவிடும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்று இப்னு பதூதா காரணம் சொல்கிறார். அவருக்கு முன்பே செங்கடல் துறையில் இத்தகைய கப்பல்களைக் கண்ட இப்னு ஜுபைர், அவற்றுக்கு எண்ணெய் பூசும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். மார்க்கோ போலோவுக்கு மட்டும் இவை பிடிக்கவில்லை. ஹோர்முஸில் கண்ட தைத்த கப்பல்கள் மிக மோசமானவை, பல மூழ்கிப் போகின்றன என்று எழுதிவிட்டார்.

கயிறு விற்பவர்கள் என்ற முறையில் நாம் இப்னு பதூதா பக்கம். தேங்காய் நாரில் திரித்த கயிறு உப்புநீரைத் தாங்கும், நனைந்தால் பருத்து இறுகும். (ஆங்கிலத்தில் 'காயர்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் கயிற்றின் உறவுதான்.) ஆனால் மார்க்கோ போலோ சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கயிறு தேயும், இற்றுப்போகும். தைத்த கப்பல் ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருள் அல்ல. அவ்வப்போது கரையேற்றி, நைந்த தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்து கயிற்றை இழுத்து இறுக்க வேண்டும். துளைகளை அடைக்க வேண்டும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு ஏறாதிருக்க அடிப்பாகத்தில் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூச வேண்டும்.

பெலிதோங் கப்பலுக்கும் அப்படி ஒரு பழுதுபார்ப்பு நடந்திருக்கலாம் என்பதுதான் இந்தக் கதையில் நமக்குப் பிடித்த இடம். அகழாய்வில் முக்கியப் பங்கு வகித்த மைக்கேல் ஃபிளெக்கர் அதன் கயிற்றையும் ஆராய்ந்தார். அரபுக் கப்பல் என்றால் தென்னை நார்க் கயிறு இருக்க வேண்டும். இதில் இருந்ததோ, செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த, இந்த வட்டாரக் கடற்கரைகளில் வளரும் மரத்தின் நார் போலத் தெரிந்தது. மலாய்க்காரர்கள் பெபாரு என்று சொல்லும் மரம் அது. எனவே கப்பல் இப்பகுதிக்கு வந்தபின் மறுபடி தைக்கப்பட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. பலகைகளின் இடுக்கில் நீர் கசியாமல் வைத்திருந்த திணிப்பும் ஊர்ப்பொருளே. அது கிளாம் மர இனத்தின் பட்டை என்று அடையாளம் கண்டார்கள்.

ஆம், நம் கம்போங் கிளாமுக்குப் பெயர் தந்த அதே மரம்தான்! சுல்தான் பள்ளிவாசலுக்குத் தொழப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காகிதம் போல உரியும் அந்தப் பட்டையைத்தான் மலாய்க்காரர்களும் பூகிஸ் மாலுமிகளும் தங்கள் படகுகளின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தினார்கள்.

பருவக்காற்றை நம்பி ஓடிய காலம் அது. காற்று திசை மாறும்வரை இந்த நீரிணைக் கரைகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த ஓய்வில்தான் பழுது பார்ப்பார்கள். வந்த ஊரின் கயிறு தீர்ந்துவிட்டால், இருக்கும் ஊரின் நாரைத் திரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பழங்கப்பலை மாதிரியாகக் கொண்டு ஓமானும் சிங்கப்பூரும் சேர்ந்து 2008இல் ஒரு கப்பல் கட்டத் தொடங்கின. மஸ்கட் அருகே கந்தப் என்ற கடலோர ஊரில், 18 மீட்டர் நீளத்தில், ஆணியில்லாமல் தைத்தே கட்டினார்கள். இந்தியாவிலிருந்து போன கயிற்றுத் தொழிலாளர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்று பெயர் பெற்ற அக்கப்பல் ஓமானியத் தலைமை மாலுமி சாலிஹ் அல் ஜாப்ரியின் பொறுப்பில் 2010 பிப்ரவரி 16இல் புறப்பட்டு, கொச்சியைத் தொட்டு இலங்கையின் காலித் துறைமுகம் சேர்ந்தது. அங்கே பார்த்தால் இரண்டு பாய்மரங்களையும் மாற்ற வேண்டிய நிலை. ஓமானிலிருந்து புதிய பாய்மரம் வரும் என்று காத்திருக்கவில்லை. இலங்கையிலேயே மரம் வெட்டி, செதுக்கி நிறுத்தினார்கள். பிறகு பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாக ஜூலை 3ஆம் தேதி சிங்கப்பூர் வந்தடைந்தது. மஸ்கட்டில் புறப்பட்ட கப்பல் வேறு பாய்மரங்களோடு வந்தது என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. ஓமான் அதை அன்பளிப்பாகத் தர, பின்னர் செந்தோசாவில் அமைந்த கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

அது வந்த நாளில் நாம் தேசிய சேவையில் இருந்தோம். பத்திரிகையில் படம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதோடு சரி. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை என்று நம் ஊர்களின் பெயரைச் சொன்னாலே மரக்கலம் நினைவுக்கு வரும். மரக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் நம் முன்னோர் வந்த பாய்க்கப்பல்கள் எந்தக் கரையில் பழுது பார்க்கப்பட்டன, எந்த ஊர் ஆசாரி பலகை மாற்றினார் என்று நம் வீடுகளில் குறித்து வைத்தவர் இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் ரஜுலா கப்பல்தான். அதிலும் டெக்கில் பாய் விரித்துப் படுத்த கதை மட்டுமே. தெலுக் ஆயர் சாலையில் 1830 வாக்கில் எழுந்த நாகூர் தர்கா அன்று கடலோரத்தில் நின்றது. இன்று அதன் வாசலில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று. 'நாம் அரபு வழி வந்தவர்கள்' என்று சில பெரியவர்கள் சொல்வதும், 'அதெல்லாம் இல்லை, நாம் அசல் தமிழர்' என்று வேறு சிலர் மறுப்பதும் நம் கல்யாண வீடுகளில் சோறு ஆறும்வரை நடக்கும் விவாதம். இளையவர்கள் காதில் வாங்குவதில்லை. அடுத்த முறை அந்தப் பேச்சு எழும்போது, அரபு முறையில் கட்டி நம் வட்டார நாரால் தைத்த இந்தக் கப்பலை நடுவில் கொண்டுவந்து வைக்கலாம் என்றிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வாப்பாவைச் செந்தோசாவுக்கு அழைத்துப் போனோம். சிறுவயதில் ஊரில் தோணித்துறை பார்த்து வளர்ந்தவர். கப்பலைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்தார். குனிந்து தையலைப் பார்த்தார். எப்போது கட்டியது, எவ்வளவு செலவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"இப்படித் தண்ணியில்லாம நிக்குதே, கயிறு காஞ்சுபோகாதா? வருசாவருசம் இதுக்கு எண்ணெய் போடுறது யாருப்பா?" என்றுதான் கேட்டார்.